ஒரே கணினியில் விண்டோஸும் லினக்ஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விண்டோஸ் 11 ஏற்கெனவே உள்ள மடிக்கணினியில், அதை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸ் வகைகளுள் ஒன்றான உபுண்டு 24.04ஐயும் நிறுவ விரும்புவோரை மனத்தில் வைத்து இக்கேள்விகள் தொகுக்கப்பட்டுள்ளன. மின்ட், ஃபெடோரா, டெபியன் ஆகிய பிற லினக்ஸ் வகைகளுக்கும் பெரும்பாலான பதில்கள் பொருந்தும். நிறுவும் வேலை ஏறக்குறைய அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. தொல்லை எழுவதெல்லாம் இரண்டு இயங்குதளங்களும் ஒன்றையொன்று கலந்துகொள்ளாமல் பொதுவில் வைத்துப் பயன்படுத்தும் இடங்களில்தான்: தொடக்கக் கோப்புகள் இருக்கும் சிறு பார்ட்டிஷன் (வட்டின் ஒரு பிரிவு), மதர்போர்டின் நினைவகம், கடிகாரம், இருவரும் எழுதக்கூடிய வட்டுப் பகுதி. பதில்கள் அந்த இடங்களில் நீண்டும் மற்ற இடங்களில் சுருங்கியும் இருக்கும்.

இரண்டு இயங்குதளங்களும் ஒரே நேரத்தில் ஓடுமா?

ஓடாது. கணினியைத் தொடங்கும்போது ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறோம். மற்றொன்று வேண்டுமானால் மறுதொடக்கம் செய்ய வேண்டும். விண்டோஸில் இருந்தபடியே லினக்ஸ் கட்டளைகளைப் பழகுவதுதான் நோக்கம் என்றால், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்ட மைக்ரோசாஃப்டே தரும் டபிள்யூஎஸ்எல் அல்லது விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மெய்நிகர் கணினி போதும். அதற்காக வட்டைப் பிரிப்பது வீண் வேலை. ஆனால் 8 ஜிபி ரேம் கொண்ட கணினியில் விண்டோஸையும் அதற்குள் இன்னொரு இயங்குதளத்தையும் ஓட்டினால் இரண்டுமே திணறும். கணினியின் முழு வலுவும், குறிப்பாகக் கிராஃபிக்ஸ் அட்டை, லினக்ஸுக்கு நேரடியாகக் கிடைக்க வேண்டுமென்றால் இப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்துத் தொடங்கும் இரட்டை பூட் முறையே சரி.

இது புதுமையான ஏற்பாடும் அன்று. தமிழ்நாடு அரசு 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகள் பலவற்றில் விண்டோஸும், மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தன.

எந்த இயங்குதளத்தைத் தொடங்குவது என்பதைக் கணினி எப்படி முடிவு செய்கிறது?

இதைப் புரிந்துகொண்டால் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமாகவே விளங்கிவிடும்.

பழைய பயாஸ் முறையில் (பயாஸ் என்பது கணினியைத் தொடங்கிவைக்கும் மதர்போர்டு நிரல்), வட்டின் முதல் 512 பைட்டுகளை மட்டும் கணினி படிக்கும். அவற்றில் 446 பைட்டுகள் தொடக்க நிரலுக்கும், 64 பைட்டுகள் பார்ட்டிஷன் அட்டவணைக்கும் உரியவை. அந்த 64 பைட்டுகளில் நான்கு பார்ட்டிஷன்களின் விவரமே அடங்கும் என்பதால்தான் பழைய வட்டுகளில் நான்கு முதன்மைப் பார்ட்டிஷன்களுக்கு மேல் உருவாக்க முடியவில்லை. தொடக்க நிரலுக்கு ஒரே ஓர் இடம் இருந்ததால், கடைசியாக நிறுவப்பட்ட இயங்குதளம் முந்தையதன் நிரலை அழித்துவிட்டுத் தன்னுடையதை எழுதியது. "விண்டோஸை மறுபடி போட்டேன், லினக்ஸ் காணாமல் போய்விட்டது" என்ற பழைய புலம்பலுக்குக் காரணம் இதுவே.

இன்றைய கணினிகளில் உள்ள யூஇஎஃப்ஐ முறை வேறு மாதிரியானது. வட்டில் ஜிபிடி எனும் புதிய வகை அட்டவணை இருக்கும். 128 பார்ட்டிஷன்கள் வரை உருவாக்கலாம். அவற்றுள் ஃபேட்32 வடிவிலான சிறிய பார்ட்டிஷன் ஒன்று தொடக்கக் கோப்புகளுக்கென்றே ஒதுக்கப்பட்டிருக்கும். இதை இஎஃப்ஐ பார்ட்டிஷன் என்கிறோம். விண்டோஸ் நிறுவிய கணினிகளில் இது பெரும்பாலும் 100 எம்பி அளவில் இருக்கும். அதன் உள்ளே பார்த்தால் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு கோப்புறையும், உபுண்டு நிறுவிய பின் "உபுண்டு" என்ற பெயரில் இன்னொரு கோப்புறையும் அருகருகே இருக்கும். ஒன்றை மற்றொன்று அழிக்கத் தேவையில்லை. எந்தக் கோப்புறையில் உள்ள கோப்பை முதலில் ஓட்ட வேண்டும் என்ற வரிசைப் பட்டியல் மட்டும் வட்டில் இல்லாமல் மதர்போர்டின் நினைவகத்தில் இருக்கிறது. வட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தும் லினக்ஸ் தொடங்கவில்லை என்றால், முதலில் அந்தப் பட்டியலைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

என் கணினி எந்த முறையில் இயங்குகிறது என்று எப்படி அறிவது?

விண்டோஸில் "சிஸ்டம் இன்ஃபர்மேஷன்" என்று தேடித் திறந்தால், "பயாஸ் மோட்" என்ற வரியில் யூஇஎஃப்ஐ அல்லது லெகசி என்று இருக்கும். விண்டோஸ் எந்த முறையில் உள்ளதோ அதே முறையில்தான் லினக்ஸையும் நிறுவ வேண்டும். கணினியைத் தொடங்கும்போது விசை அழுத்தினால் வரும் பூட் மெனுவில், லினக்ஸ் நிறுவியைக் கொண்ட ஒரே பென்டிரைவ் இரண்டு முறை தெரிந்தால், யூஇஎஃப்ஐ என்ற முன்னொட்டு உள்ளதைத் தேர்ந்தெடுங்கள்.

எதை முதலில் நிறுவ வேண்டும்?

விண்டோஸை. லினக்ஸ் நிறுவிகள் ஏற்கெனவே உள்ள இயங்குதளங்களைத் தேடிப் பார்த்துத் தமது மெனுவில் சேர்க்கும். விண்டோஸ் நிறுவி அந்த மரியாதையைக் காட்டாது. யூஇஎஃப்ஐ முறையில் பிறகு விண்டோஸை நிறுவினாலும் லினக்ஸின் கோப்புகள் அழியாதுதான். ஆனால் வரிசைப் பட்டியலில் விண்டோஸ் தன்னை முதலிடத்தில் வைத்துக்கொள்ளும்.

நிறுவுவதற்கு முன் விண்டோஸில் என்னென்ன செய்து வைக்க வேண்டும்?

மூன்று வேலைகள் உள்ளன. இவற்றில் எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

முதலாவது, முக்கியமான கோப்புகளை வேறொரு வட்டில் நகலெடுத்து வைப்பது. பார்ட்டிஷன் அளவை மாற்றும்போது மின்சாரம் போனாலும், தவறான வரியைச் சொடுக்கினாலும் இழப்பு முழுமையாக இருக்கும். மேகச் சேமிப்பில் இருக்கிறது என்று நம்புபவர்கள், கோப்புகள் உண்மையிலேயே அங்கே ஏறியுள்ளனவா என்று வேறொரு கருவியிலிருந்து திறந்து பார்த்துக்கொள்வது நல்லது.

இரண்டாவது, சாவியின்றிப் படிக்க முடியாதபடி வட்டை மறையாக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர். அண்மைக் காலத்தில் வாங்கிய கணினிகளில், மைக்ரோசாஃப்ட் கணக்குடன் விண்டோஸ் 11ஐ அமைக்கும்போது, நாம் கேட்காமலே வட்டு மறையாக்கம் செய்யப்பட்டிருக்கக்கூடும். தொடக்க அமைப்பில் எதையாவது மாற்றினால், கணினியை வேறு யாரோ திறக்க முயல்கிறார்கள் என்று அது எண்ணிக்கொண்டு 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்கும். அந்தச் சாவி கையில் இல்லையென்றால் சொந்தக் கோப்புகளையே திறக்க முடியாது; அதற்குக் குறுக்கு வழி கிடையாது. ஆகவே "செட்டிங்ஸ்" பகுதியில் "டிவைஸ் என்கிரிப்ஷன்" இயக்கத்தில் உள்ளதா என்று பாருங்கள். இருந்தால், மைக்ரோசாஃப்ட் கணக்குப் பக்கத்தில் உள்ள மீட்புச் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள். அதே கணினியில் ஒரு கோப்பாகச் சேமிப்பதில் பொருளில்லை. மறையாக்கத்தை முற்றிலும் நீக்கிவிட்டு லினக்ஸ் நிறுவுவதே எளிது. உபுண்டுவின் நிறுவியும், பிட்லாக்கர் இயங்கும் வட்டைக் கண்டால் விண்டோஸுக்குப் பக்கத்தில் தானாக நிறுவ மறுக்கக்கூடும். நீக்க விரும்பாதவர்கள், விண்டோஸிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கிவிட்டு, நிறுவும் வேலை முடியும்வரை பிட்லாக்கரை இடைநிறுத்தி வைக்கலாம்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். விண்டோஸ் 8 முதல் "ஷட் டவுன்" கொடுத்தாலும் கணினி முழுமையாக அணைவதில்லை. இயங்குதளத்தின் உட்கருவை வட்டில் எழுதி உறங்க வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எழுப்புகிறது. அந்த நிலையில் விண்டோஸ் பார்ட்டிஷன் இன்னும் பயன்பாட்டில் இருப்பதாகவே பொருள். லினக்ஸில் அதைத் திறந்தால் படிக்க மட்டும் முடியும். வற்புறுத்தி எழுதினால் கோப்பமைப்பு சிதையலாம். கண்ட்ரோல் பேனலில் "பவர் ஆப்ஷன்ஸ்" சென்று, மின்பொத்தான்களின் வேலையைத் தீர்மானிக்கும் பக்கத்தில் "டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற கட்டத்தில் உள்ள குறியை எடுத்துவிடுங்கள். எஸ்எஸ்டி வட்டுள்ள கணினியில் இதனால் ஏற்படும் தாமதம் சில நொடிகளே. விண்டோஸின் பெரிய புதுப்பிப்புகளுக்குப் பிறகு அக்குறி மீண்டும் வந்திருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

லினக்ஸுக்கு எவ்வளவு இடம் ஒதுக்க வேண்டும்? எப்படி ஒதுக்குவது?

உபுண்டு குறைந்தது 25 ஜிபி கேட்கிறது. அன்றாடப் பயன்பாட்டுக்கு 60 முதல் 100 ஜிபி வரை ஒதுக்கினால்தான் ஓராண்டு கழித்தும் நிம்மதி.

விண்டோஸ் பார்ட்டிஷனை விண்டோஸைக் கொண்டே சுருக்குங்கள். "டிஸ்க் மேனேஜ்மென்ட்" திறந்து, சி டிரைவ் மீது வலச்சொடுக்கி, "ஷ்ரிங்க் வால்யூம்" தேர்ந்தெடுத்தால் எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒரு கட்டம் கேட்கும். அங்கே இட வேண்டிய எண் எம்பி கணக்கில் இருக்கும். 80 ஜிபி வேண்டுமானால் 81920 என்று இடுங்கள். சுருக்கிய பகுதி கறுப்புப் பட்டையுடன் "அன்அலகேட்டட்" என்று தெரியும். அதை அப்படியே விட்டுவிடுங்கள். டிரைவ் எழுத்து கொடுத்து ஃபார்மேட் செய்துவிட்டால் லினக்ஸ் நிறுவி அதைக் காலி இடமாகக் கொள்ளாது.

வட்டில் 200 ஜிபி காலியாக இருந்தும் 20 ஜிபிதான் சுருக்க முடியும் என்று விண்டோஸ் சொல்வது உண்டு. பேஜ் ஃபைல், உறக்கநிலைக் கோப்பு, மீட்புப் புள்ளிகள் ஆகியவை இடம்பெயராத கோப்புகள். அவற்றில் ஒன்று வட்டின் நடுவில் உட்கார்ந்திருந்தால் அதற்கு இப்பால் சுருக்க முடியாது. மூன்றையும் தற்காலிகமாக நிறுத்தி, மறுதொடக்கம் செய்துவிட்டு முயன்றால் பெரும்பாலும் வழி கிடைக்கும்.

செக்யூர் பூட்டை அணைத்தே ஆக வேண்டுமா?

வேண்டியதில்லை. நம்பத்தக்க கையொப்பமில்லாத தொடக்க நிரல்களை ஓட விடாத காவல் வசதிதான் செக்யூர் பூட். அதை அணைக்கும்படி பல பழைய வழிகாட்டிகள் சொல்வது இன்று காலாவதியான அறிவுரை. உபுண்டு, ஃபெடோரா, டெபியன் ஆகியவை ஷிம் என்ற சிறு நிரலைக் கொண்டு தொடங்குகின்றன. அது மைக்ரோசாஃப்டின் கையொப்பம் பெற்றது என்பதால் செக்யூர் பூட் அதைத் தடுப்பதில்லை. என்விடியா அட்டைக்கான டிரைவர் போன்ற கூடுதல் நிரல்களை நிறுவும்போது ஒரு கடவுச்சொல் அமைக்கச் சொல்லும். அடுத்த மறுதொடக்கத்தில் தோன்றும் நீலத் திரையில் "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து அதே கடவுச்சொல்லை இட வேண்டும். அந்த நீலத் திரையைக் கண்டு பயந்து "கன்டினியூ பூட்" கொடுத்துவிடுபவர்கள், டிரைவர் ஏன் வேலை செய்யவில்லை என்று பிறகு தேடிக்கொண்டிருப்பார்கள்.

ஒரு முன்னெச்சரிக்கை மட்டும் உண்டு. 2024 ஆகஸ்ட் மாத விண்டோஸ் புதுப்பிப்பு, இயங்குதளங்களை ஏற்றும் பூட்லோடர் நிரல்களுள் பாதுகாப்புக் குறை உள்ள பழையவற்றைத் தடைசெய்தபோது, இரட்டை பூட் கணினிகளைத் தொடமாட்டோம் என்று அறிவித்திருந்தும், பல கணினிகளில் லினக்ஸ் தொடங்க மறுத்தது. ஷிம் சரிபார்ப்பு தோற்றதாக ஒரு வரி காட்டிவிட்டுக் கணினி அணைந்துவிடும். செக்யூர் பூட்டைச் சற்று நேரம் அணைத்து, லினக்ஸுக்குள் சென்று, ஷிம்மையும், லினக்ஸின் தொடக்க மெனுவைக் காட்டும் பூட்லோடரான கிரப்பையும் புதுப்பித்து, மீண்டும் இயக்குவதே இப்படிப்பட்ட நேரங்களில் முதலில் செய்ய வேண்டியது. ஷிம்மில் கையொப்பமிடப் பயன்பட்டுவந்த மைக்ரோசாஃப்டின் 2011ஆம் ஆண்டுச் சான்றிதழ் 2026 ஜூன் வரையே செல்லும் என்பதால், லினக்ஸையும் மதர்போர்டில் பதிந்துள்ள நிரலான ஃபர்ம்வேரையும் புதுப்பித்தே வைத்திருங்கள்.

நிறுவி என் வட்டையே காட்டவில்லை. ஏன்?

இன்டெல் செயலி உள்ள மடிக்கணினிகளில் இது பரவலான சிக்கல். வட்டுக் கட்டுப்படுத்தி ஆர்எஸ்டி அல்லது ரெய்டு முறையில் அமைக்கப்பட்டிருக்கும். அதைப் பயாஸ் திரையில் ஏஎச்சிஐ எனும் பொது முறைக்கு மாற்ற வேண்டும். ஆனால் நேரடியாக மாற்றினால் விண்டோஸ் நீலத் திரையுடன் நின்றுவிடும். முதலில் விண்டோஸை அடுத்த முறை அடிப்படை நிரல்களை மட்டும் ஏற்றும் சேஃப் மோடில் தொடங்குமாறு அமைத்து, மறுதொடக்கத்தின்போது பயாஸில் முறையை மாற்றி, ஒரு முறை சேஃப் மோடில் ஏறி இறங்கிய பின் இயல்பு நிலைக்குத் திரும்பினால், விண்டோஸ் புதிய முறைக்கான டிரைவரைத் தானே ஏற்றிக்கொள்ளும். பிட்லாக்கர் சாவி கையில் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது.

நிறுவும்போது எந்த வழியைத் தேர்ந்தெடுப்பது?

விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவும் வழி திரையில் தெரிந்தால் அதையே எடுத்துக்கொள்ளலாம். "எரேஸ் டிஸ்க்" என்பது முழு வட்டையும் துடைத்துவிடும். அந்த வரிக்கு அருகில்கூடப் போக வேண்டாம்.

கைப்பட நிறுவும் வழியைத் தேர்ந்தெடுப்பவர்கள், காலி இடத்தில் லினக்ஸின் கோப்பமைப்பான எக்ஸ்ட்4 வடிவில் ஒரே பார்ட்டிஷன் உருவாக்கி, அதன் மவுன்ட் பாயின்ட்டாக (லினக்ஸில் அது இணையும் இடமாக) "/" என்ற சாய்கோட்டை மட்டும் கொடுத்தால் போதும். ரேம் போதாதபோது உதவும் ஸ்வாப்புக்குத் தனிப் பார்ட்டிஷன் தேவையில்லை, உபுண்டு 17.04 முதல் ஸ்வாப் ஒரு சாதாரணக் கோப்பாகவே உருவாக்கப்படுகிறது. இஎஃப்ஐ பார்ட்டிஷனை லினக்ஸும் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆனால் அதன் எதிரே உள்ள ஃபார்மேட் கட்டத்தில் குறி இருக்கக் கூடாது. அந்த ஒரு குறி இருந்துவிட்டால் விண்டோஸின் தொடக்கக் கோப்புகள் போய்விடும்; பிறகு விண்டோஸ் நிறுவல் பென்டிரைவ் கொண்டு அவற்றை மறுபடி எழுத வேண்டியிருக்கும்.

நிறுவி முடித்த பிறகும் நேராக விண்டோஸே தொடங்குகிறது.

ஃபர்ம்வேர் திரைக்குச் சென்று, பூட் வரிசையில் "உபுண்டு" என்பதை "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதற்கு மேலே நகர்த்துங்கள். பெரும்பாலான நேரங்களில் இத்துடன் கதை முடிந்துவிடும்.

சில கணினிகளின் ஃபர்ம்வேர் இந்த வரிசையை மதிப்பதே இல்லை. விண்டோஸை மட்டுமே தேடும். அத்தகைய கணினிகளில் ஒவ்வொரு முறையும் எஃப்12, எஃப்9 போன்ற விசையை அழுத்தித் தேர்ந்தெடுப்பதே சிக்கலில்லாத வழி. விசை எது என்பது தயாரிப்பாளரைப் பொறுத்தது.

கிரப் மெனுவில் விண்டோஸ் தெரியவில்லையே?

2021இல் வந்த கிரப் 2.06 முதல், பிற இயங்குதளங்களைத் தேடும் ஓஎஸ்-புரோபர் பாதுகாப்பு கருதி இயல்பாக அணைத்து வைக்கப்பட்டுள்ளது. கிரப் அமைப்புக் கோப்பில் அதைத் தடுக்கும் வரியின் மதிப்பைப் "பொய்" என்று பொருள்படும் "ஃபால்ஸ்" ஆக்கி, மெனுவைப் புதுப்பிக்கும் கட்டளையை ஓட்டினால் விண்டோஸ் வந்து சேரும்.

விண்டோஸில் மணி ஐந்தரை மணி நேரம் தவறாகக் காட்டுவது ஏன்?

மதர்போர்டில் இருப்பது ஒரே கடிகாரம். அதில் உள்ள நேரத்தை விண்டோஸ் உள்ளூர் நேரமாகவும், லினக்ஸ் பொது உலக நேரமாகவும் கொள்கின்றன. காலை 10 மணிக்கு லினக்ஸ் இணையத்திலிருந்து சரியான நேரத்தைப் பெற்று, மதர்போர்டில் 4.30 என்று எழுதி வைக்கும். அது உலக நேரக் கணக்கில் சரி. அடுத்து விண்டோஸைத் தொடங்கினால், அந்த 4.30ஐ அப்படியே இந்திய நேரமாக எடுத்துத் திரையில் காட்டும். இதனால் இணையதளச் சான்றிதழ்கள் செல்லாதவை என்று உலாவி எச்சரிக்கலாம். கோப்புகளின் தேதிகளும் குழம்பும்.

இருவரில் ஒருவரை மாற்றினால் போதும். உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்துமாறு லினக்ஸுக்குச் சொல்வது ஒரே கட்டளையில் முடியும். விண்டோஸின் ரெஜிஸ்ட்ரியில் ஒரு மதிப்பைச் சேர்த்து அதை உலக நேரத்துக்கு மாற்றுவது இன்னொரு வழி. இரண்டையும் சேர்த்துச் செய்துவிட்டால் தவறு மறுபக்கம் திரும்பிவிடும்.

கோப்புகளை இரண்டிலும் பயன்படுத்த முடியுமா?

விண்டோஸின் கோப்பமைப்பான என்டிஎஃப்எஸ் வடிவில் உள்ள பார்ட்டிஷனை லினக்ஸ் படிக்கும், எழுதும். எக்ஸ்ட்4 பார்ட்டிஷனை விண்டோஸ் நேரடியாகத் திறக்காது. ஆகவே படங்கள், ஆவணங்கள், பாடல்களுக்கு என்டிஎஃப்எஸ் வடிவில் தனிப் பார்ட்டிஷன் ஒன்றை வைத்து இருபுறமும் பயன்படுத்துவது வசதி. விண்டோஸ் இருக்கும் சி டிரைவில் லினக்ஸிலிருந்து எழுதும் பழக்கம் வேண்டாம். ஓர் இயங்குதளம் உறக்கநிலையில் இருக்கும்போது மற்றொன்றில் நுழைந்து பொதுப் பார்ட்டிஷனில் எழுதுவது அதைவிட ஆபத்து.

மூன்று இயங்குதளங்களை வைக்கலாமா?

தாராளமாக. எல்லாம் ஒரே இஎஃப்ஐ பார்ட்டிஷனைப் பங்கிட்டுக்கொள்ளும். கடைசியாக நிறுவிய லினக்ஸின் கிரப் பொதுவாக மெனுவை ஏற்றுக்கொள்ளும். கவனிக்க வேண்டியது ஒன்று: உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட லினக்ஸ் மின்டும் இஎஃப்ஐ பார்ட்டிஷனில் "உபுண்டு" என்ற அதே கோப்புறையையே பயன்படுத்துகிறது. ஆகவே உபுண்டுவையும் மின்டையும் ஒரே வட்டில் நிறுவினால் பின்னது முன்னதன் தொடக்கக் கோப்புகளை மேலெழுதும். இரண்டும் மெனுவில் தெரியலாம். ஆனால் ஒன்றில் கிரப் புதுப்பிப்பு வரும்போதெல்லாம் மெனுவின் அதிகாரம் கைமாறும். மின்டுடன் ஃபெடோராவையோ டெபியனையோ சேர்ப்பவர்களுக்கு இந்தச் சச்சரவு இல்லை.

இரண்டாவது வட்டு வாங்கினால் நல்லதா?

மடிக்கணினியில் இடம் இருந்தால் அதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. பங்கிட வேண்டியவை வெகுவாகக் குறைந்துவிடுகின்றன. ஒரு சிறு சிக்கல் உண்டு. இரண்டாவது வட்டைத் தேர்ந்தெடுத்தாலும், உபுண்டுவின் பழைய நிறுவி பூட்லோடரை முதல் வட்டின் இஎஃப்ஐ பார்ட்டிஷனிலேயே எழுதிவிடும். நிறுவும் நேரத்தில் மட்டும் விண்டோஸ் வட்டைக் கழற்றி வைத்தால் இந்தக் கவலையே வேண்டாம்.

லினக்ஸை நீக்குவது எப்படி?

வரிசை முக்கியம். முதலில் ஃபர்ம்வேரில் "விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பதை முதலிடத்துக்குக் கொண்டுவந்து, விண்டோஸ் தனித்துத் தொடங்குகிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் லினக்ஸ் பார்ட்டிஷனை நீக்க வேண்டும். மாற்றிச் செய்தால், இஎஃப்ஐ பார்ட்டிஷனில் மிஞ்சியிருக்கும் கிரப் தன் மெனுக் கோப்பைத் தேடிக் காணாமல், வெறும் கறுப்புத் திரையில் கட்டளைக்காகக் காத்து நிற்கும். கணினி கெட்டுவிட்டதாகப் பதற வேண்டாம். பூட் மெனு விசையை அழுத்தி விண்டோஸைத் தேர்ந்தெடுக்கலாம்.

காலியான இடத்தை "எக்ஸ்டெண்ட் வால்யூம்" கொடுத்துச் சி டிரைவில் சேர்க்கலாம். அந்த வரி மங்கலாகத் தெரிந்தால், இரண்டுக்கும் நடுவில் விண்டோஸின் மீட்புப் பார்ட்டிஷன் இருக்கிறது என்று பொருள். ஒட்டியுள்ள இடத்தை மட்டுமே விண்டோஸ் சேர்க்கும். உபுண்டு பென்டிரைவிலிருந்து கணினியைத் தொடங்கி, பார்ட்டிஷன்களை மாற்றியமைக்கும் நிரலான ஜிபார்ட்டட் கொண்டு மீட்புப் பார்ட்டிஷனைக் காலி இடத்தின் மறுகோடிக்கு நகர்த்திவிட்டு விண்டோஸில் மீண்டும் முயலலாம். அந்த அளவுக்கு இடத்தேவை இல்லாதவர்கள், காலி இடத்தை டி டிரைவாக ஃபார்மேட் செய்துகொள்வதே பாதுகாப்பு.